அந்தக் கதவு, ஒரு கதவு

சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வாசலில், டைப்ரைட்டரில் மனு தட்டிக் கொடுப்பவரின் மேசையருகே இன்று காலை வெகுநேரம் நின்றேன். கார்பன் தாளின் வாடை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. உன்னிடம் சொல்லவேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் அந்தப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் நாம் இரண்டு பேர்தான் டைப்பிஸ்டுகள். நீ மிஷன் பள்ளியில் படித்தவள். எனக்கோ ஆங்கிலத்தில் 'ஏ' எங்கே, 'தி' எங்கே என்று பிடிபடவே இல்லை. ஆர்டர் கடிதங்களில் கண்ட இடத்தில் போட்டுவைப்பேன்.

"ஏட்டி, பலதுல ஒண்ணுன்னா 'ஏ'. இதுதான்னு கைகாட்ட முடிஞ்சா 'தி'. அம்புட்டுதான்," என்று சிரித்துக்கொண்டே திருத்துவாய்.

அந்த சீசனில், விஸ்வநத்தம் பக்கம் நம் கம்பெனியின் வெடிமருந்து அடைக்கும் அறையில் தீப்பிடித்தது. உள்ளே ஒரு பெண் கருகிப்போனாள். அறைக்கு இருந்தது ஒரே கதவு. அதுவும் வெளியே பூட்டியிருந்தது. அதிகாரிக்குப் போகும் அறிக்கையில் நீ 'தி டோர் வாஸ் லாக்ட்' என்று தட்டினாய்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். "'தி'ய எடுத்துட்டு 'ஏ' போடுங்கம்மா. சின்னத் திருத்தந்தான."

"அப்படிப் போட்டா வேற கதவும் இருந்துச்சுன்னு ஆயிரும் சார். இருந்தது ஒண்ணுதான."

"உங்கள்ட்ட இலக்கணம் கேக்கல."

நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். என்னைப் பார்த்தாய் என்று தெரியும், நான் நிமிரவில்லை. வீட்டில் அப்பா படுக்கையில் கிடந்தார். அந்தத் தாளை மறுபடி தட்டியது நான்தான். பொருள் தெரிந்து நான் போட்ட முதல் 'ஏ' அது.

திறந்திருந்த வேறு கதவை விட்டுவிட்டு அந்தப் பெண் பதற்றத்தில் பூட்டிய கதவுப் பக்கம் ஓடினாள் என்று அதிகாரிகள் முடிவெழுதினார்கள். சில நாள் கழித்து அவளுடைய அம்மா ஆபீசுக்கு வந்தாள்.

"எம்மவ ஏன்மா அந்த இன்னொரு கதவு வழியா வரல? அது எங்கன இருக்குன்னு காட்டுங்க. நான் பாக்கணும்."

"மேனேஜர்ட்ட கேளுங்க," என்றேன்.

மதுரையில் வேலை கிடைத்ததென்று நீ எழுதினாய். அதன் பின்னும் எத்தனையோ கடிதங்கள். தட்டியது யாரென்று நீ ஒருமுறையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமலே வயதாகிவிட்டது. அலுத்துப்போய்விட்டேன்.

வேறு கதவு இல்லையம்மா என்று அன்றைக்கு அந்தத் தாயிடம் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தமிழ் எனக்குத் தெரியும்.