ஏரி புரளும் பருவம்

செப்டம்பர் 12, திங்கள்

பள்ளிச் சமையற்கூடத்தில் இன்று ஒரு தட்டு சோள ரொட்டி கருகிப்போனது. கூட வேலை பார்க்கும் இமோஜின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அடுப்பை மறந்துவிட்டேன்.

டோயலை அவளுடைய சித்தி மகன் பார்த்தானாம். கிராஸ்வில்லில், நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில், போன சனிக்கிழமை காலையில். "அதே நடைடி, அதே தொப்பி. நானா சொல்லல, அவன் சொன்னான்."

சரி, எழுதிவைக்கிறேன். எழுதினால் தலை தெளியுமா பார்ப்போம். என் கணவர் டோயல் சென்ற அக்டோபரில் தனியாக பெல்டன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். வண்டி படகுத்துறையில் நின்றது. படகு மட்டும் காலியாக அணைக்கட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. முக்குளிப்பவர்கள் அணையோரம் முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அதே மாதம், காபிக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ரொண்டாவும் ஊரைவிட்டுப் போனாள். அவளோடு டோயல் சிரித்துப் பேசியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மிச்சத்தை ஊரே இட்டு நிரப்பிக்கொண்டது.

ஆக, எனக்கு இரண்டு டோயல்கள். ஒருவர் தண்ணீருக்கடியில். இன்னொருவர் எங்கோ ரொண்டாவோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்.

செப்டம்பர் 13

மகளிடம் சொல்லவில்லை. டான்ஸி கேள்விப்பட்டால் அந்த நிமிடமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

செப்டம்பர் 17, சனி

நானே கிளம்பிவிட்டேன்.

கிராஸ்வில் பெட்ரோல் நிலையத்தில் ஒரு காபி வாங்கிக்கொண்டு வண்டிக்குள்ளேயே காத்திருந்தேன். காபி ஆறிப்போன பிறகு அவர் வந்தார். பின்பக்கம்தான் தெரிந்தது. இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கிற நடை. பழுப்புத் தொப்பி. என் கை தானாகக் கதவைத் திறந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். என்ன கத்தினேன்? பெயரைச் சொல்லவில்லை. "எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கத்தியிருக்கிறேன்.

அந்த மனிதர் திரும்பினார். யாரோ. முகமெல்லாம் அம்மைத் தழும்பு, பாவம்.

"அம்மா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? உக்காருங்க" என்றார். தன் வண்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இமோஜினின் சித்தி மகன் பார்த்தது இவரைத்தான். சந்தேகமே இல்லை. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். எதற்கு அழுதேன் என்று எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது. அவர் டோயல் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம் இல்லை. நிம்மதி.

அப்படியென்றால் நான் வேண்டிக்கொண்டிருப்பது எதற்காக? அவர் செத்துக்கிடக்க வேண்டும் என்றா?

செப்டம்பர் 18, ஞாயிறு

வழிபாடு முடிந்ததும் ஹாஸ்கெலைப் பிடித்தேன். டோயலோடு பதினைந்து வருடமாக ஒரே படகில் மீன்பிடிப் போட்டிகளுக்குப் போனவன். என்னோடு பள்ளியில் படித்தவன். டோயல் காணாமல் போனதிலிருந்து அவன் ஏரிப் பக்கமே போகவில்லை.

"என்னை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"நீயா? புழுவப் பாத்தாலே மேசை மேல ஏறுவியே."

"படகு ஒருத்தரும் தொடாம கொட்டகையில கெடக்கு, ஹாஸ்கெல்."

சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சனிக்கெழம. பொழுது விடியறதுக்குள்ள தயாரா இரு."

செப்டம்பர் 24, சனி

தண்ணீர் எழுபத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். இன்னும் சூடு என்கிறான் ஹாஸ்கெல். பாஸ் மீன்கள் ஏரி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றனவாம். குளிர ஆரம்பித்தால்தான் அவற்றுக்கு இரையாகும் ஷாட் மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக, ஏரியில் வந்து சேரும் ஓடைகளுக்குள் ஏறும். பாஸ் அவற்றின் பின்னாலேயே போகும்.

"பசி எங்க போகுதோ மீனு அங்க போகும். மீனு போற எடத்துக்கு நாங்க போவோம். அவ்ளோதான் இந்த வித்தை."

என் கை சரியாக வீசவே இல்லை. தூண்டில் கயிறு ரீலில் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக்கொண்டது. ஹாஸ்கெல் முன்பக்கம் நின்று மின்மோட்டாரைக் காலால் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் நடுவில். பின்பக்கம் காலி. ஆனால் இரண்டு தடவை பின்பக்கம் கனத்துத் தாழ்ந்தது, யாரோ இடம் மாறி நிற்பது போல. ஹாஸ்கெல் திரும்பவில்லை. அவன் கழுத்து மட்டும் விறைத்துப் போனது.

அக்டோபர் 1, சனி

அறுபத்தொன்பது. ஒரு மீன் பிடித்தேன்! கை நீளம் இல்லை, சின்னதுதான். இழுக்கும்போது உயிரே கைக்குள் துடித்தது. டோயல் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை விட்டுவிட்டு ஓடினார் என்று இன்றுதான் கொஞ்சம் புரிந்தது. கோபம் கூட வந்தது. இதை ஏன் ஒரு தடவையும் எனக்குக் காட்டவில்லை?

ஷாட் குஞ்சுகளை பாஸ் கீழிருந்து விரட்டி அடிக்கும்போது நீர்ப்பரப்பில் ஒரு சத்தம் வருகிறது. மூச்சுமுட்டிய ஆள் வாயைத் திறந்து காற்றை இழுப்பது போல. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன்.

அக்டோபர் 4

டான்ஸி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் படகில் போவது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"அங்க எதத் தேடறேம்மா?"

"மீன் பிடிக்கறேன்டி."

"பொய். அப்பா உயிரோட இருக்காருன்னு நெனைக்கறது ஒனக்கு அவ்ளோ கஷ்டமா? யார் கூடவோ இருந்துட்டுப் போறாரு. இருந்தாப் போதும்னு எனக்கு இருக்கு. ஒனக்கு அவரு செத்தாத்தான் மரியாத, இல்ல?"

வைத்துவிட்டாள்.

அவ சொன்னதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. எனக்கு அவன் வேணும், இல்லன்னா அவன் சாவு வேணும். நடுவுல இருக்கறது எனக்கு வேணாம். இத ஒரு மகள்கிட்ட எப்படிச் சொல்றது?

அக்டோபர் 15, சனி

ஏரி புரண்டுவிட்டது.

மேலே இருக்கும் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடியில் கிடந்த தண்ணீர் மேலே வரும் என்று ஹாஸ்கெல் சொன்னான். ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் இப்படித்தானாம். படகுத்துறையிலேயே அழுகிய முட்டை வாசம். தண்ணீர் கலங்கிய பச்சை. மக்கிய இலைகள், குச்சிகள், நுரை. கோடை முழுக்க அடியில் கிடந்ததெல்லாம் மிதந்துகொண்டிருந்தது.

நான் மூக்கைப் பொத்தவில்லை. மிதப்பது ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கருப்புத் துணி தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கிழிந்த தார்ப்பாய்.

"வெர்லா, உக்காரு. படகு கவுந்துரும்."

"நீ இல்லன்னா நான் குதிச்சிருப்பேன்."

"தெரியும்" என்றான். நான் பிடிவாதம் பிடித்ததால் போன அணைப்பக்கம் ஒரு மீன் கூடத் தூண்டிலைத் தொடவில்லை. பாதி நாளிலேயே திரும்பிவிட்டோம்.

அக்டோபர் 18

தூக்கம் இல்லை. துணியெல்லாம் அந்த வாசம். தேவாலயத்திலிருந்து யாராவது வந்தால் என்ன சொல்வது என்று இரண்டு தடவை துவைத்தேன்.

அக்டோபர் 22, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தண்ணீர் அறுபத்திரண்டு. வடக்குக் காற்று. வெயில் இருந்தும் குளிர். ஹாஸ்கெல் அணைப்பக்கம் போகவில்லை. ஏரியின் மறுகோடிக்கு, லாரல் ஓடைக்குள் ஓட்டினான். ஓடையின் உள்முனையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆழமில்லாத ஓடை புரளாதாம். ஷாட் குஞ்சுகள் மழைத்தூறல் போலப் பரப்பில் பொரிந்துகொண்டிருந்தன. வீசிய இடத்திலெல்லாம் மீன்.

நான் மூன்றாவது மீனைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போது ஹாஸ்கெல் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"போன வருசமும் இதே மாதிரிதான். டோயல் காணாமப் போன வாரத்துல ஏரி பொரண்டிருந்துச்சு. வடக்குக் காத்து."

"அதனால?"

"ஏரி பொரண்ட வாரத்துல அணைப்பக்கம் எவனும் போக மாட்டான், வெர்லா. டோயல் போகவே மாட்டான். அவன் இங்கதான் வந்திருப்பான்."

"இத ஏன் அப்பவே போலீஸ்காரங்ககிட்ட சொல்லல?"

"மீன் போட்டியில அவன் வலைய நழுவவிட்டான்னு ஒரு மீனுக்காகச் சண்ட போட்டு, ஒரு மாசம் பேசாம இருந்தோம். அவன் ரொண்டா கூடப் போயிட்டான்னு ஊரு சொன்னப்ப நம்பிட்டேன். நம்பறது சுலபமா இருந்துச்சு. ஓடிப்போனவன் மேல கோவப்படலாம். நான் வராததால தனியாப் போயிச் செத்தவன் மேல என்னத்தக் கோவப்படறது?"

அவனைத் தேற்ற எனக்கு வரவில்லை. "படகு அணைக்குத்தான போச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் மோட்டாரை அணைத்தான். மின்மோட்டாரையும் தூக்கிவிட்டான். "பாப்போம்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று முதுகில் தள்ளியது. படகு மெல்லத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் ஓட்டாமலே ஓடையைவிட்டு வெளியேறியது. அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்திருந்தார்கள். பெரிய ஏரியை அடைந்ததும் அந்த இழுப்பு படகைப் பிடித்துக்கொண்டது. தடுமாறவே இல்லை. வழி தெரிந்த மாடு போலப் போயிற்று. பிற்பகலில் அணைக்கரைப் பாறையில் போய் மெல்ல முட்டி நின்றது. போன வருடம் போலீஸ் எடுத்த புகைப்படத்தில் படகு நின்ற அதே வளைவு.

ஒரு வருடம். ஒரு வருஷமா அவங்க தப்பான எடத்துல தேடி, நான் தப்பான ஆள வெறுத்து—

அக்டோபர் 23, ஞாயிறு

வழிபாட்டுக்குப் போகவில்லை. லாரல் ஓடைக்குத் திரும்பிப் போனோம். அதன் வாயில், அணை கட்டுவதற்கு முன்பிருந்த பழைய ஆற்றுத்தடம் வளைகிறது. ஆழம் அதிகம். அந்தக் காலத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள் அடியில் அப்படியே நிற்கின்றன. படகில் மீன் காட்டும் கருவியின் திரையில் அவை கோடு கோடாகத் தெரிந்தன. ஹாஸ்கெல் மேலும் கீழுமாக உழவு ஓட்டுவது போல் ஓட்டினான்.

ஒரு மரத்தின் கவட்டையில் ஒரு வடிவம். கிளை இல்லை.

"மீனா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

ஹாஸ்கெல் தலையாட்டினான், இல்லை என்று.

அக்டோபர் 24, திங்கள்

துணை ஷெரிஃப் ட்ரவிக் வந்து படகிலேயே திரையைப் பார்த்தார். இளைஞர். போன வருடம் தேடியவர்களில் இவரும் ஒருவர். "வெர்லா அம்மா, நாளைக்கு முக்குளிக்கறவங்க வருவாங்க. நீங்க கரையில இருக்க வேணாம்."

"இருப்பேன்."

"சரிங்க. நாற்காலி போடச் சொல்றேன்."

டான்ஸியைக் கூப்பிட்டேன். திரையில் கண்டதைச் சொன்னேன். "கெளம்பறேன்" என்றாள்.

அக்டோபர் 25, செவ்வாய்

அவர்தான்.

கனத்த குளிர்ச்சட்டை கிளையில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் மேலே வரவில்லை. மிதவைச்சட்டை போட்டிருக்கவில்லை. அதற்காகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் பெயர்தான் வந்தது. டான்ஸி என் கையை விடவில்லை. நகக்குறி இன்னும் இருக்கிறது.

"அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது—"

"நீ நெனச்சது தப்பில்ல. நான் நெனச்சதும் தப்பில்ல. விடு."

அக்டோபர் 29, சனி

அடக்கம். கூட்டம் நிறைய. போன வருடம் என்னைக் கண்டதும் கடையின் அடுத்த வரிசைக்கு ஒதுங்கிப்போனவர்கள் எல்லாம் கோழி வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். இமோஜின் என் தோளில் விழுந்து அழுதாள். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

கடைசி வரிசையில் ரொண்டா. கூடவே ஒரு நெட்டை மனிதர். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜார்ஜியா போனாளாம், அங்கேயே கல்யாணம். இங்கே தன்னைப் பற்றி ஓடிய பேச்சு அவளுக்குப் போன வாரம்தான் தெரிந்ததாம்.

"ஒங்களப் பத்தித்தான் பேசுவாரு" என்றாள். "எங்க கடை ரொட்டிய வாங்கும்போதெல்லாம், வெர்லா பண்ற மாதிரி இல்லன்னு கேலி பண்ணுவாரு. எனக்கு எரிச்சலா வரும்."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டும் என்று அவளைக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சிரித்துவிட்டாள். நானும்.

நவம்பர் 12

ஹாஸ்கெல் தன் தூண்டில்களையெல்லாம் விற்றுவிட்டான். இனி ஏரிக்கு வர மாட்டானாம். திரையைப் பார்த்தால் மரங்கள் எல்லாம் ஆளாகத் தெரிகின்றன என்கிறான். வற்புறுத்தவில்லை.

நவம்பர் 19

டோயலைக் கனவில் பார்த்தேன். கோபமாக இருந்தார். என்ன கோபம் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 10, சனி

படகைத் தனியாக இறக்கினேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இரண்டு தடவை கோணிப்போய், மூன்றாவது தடவை சரியாக வந்தது. தண்ணீர் நாற்பத்தொன்பது. மீன்கள் ஆழத்தில் மந்தமாகக் கிடக்கின்றன. மிக மெதுவாக இழுத்தால்தான் தொடும். லாரல் ஓடைக்குள் போகவில்லை. வாய் வரைக்கும் போனேன். அந்த மரங்களுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஒன்று மாட்டியது. நல்ல கனம். தண்ணீருக்குள்ளேயே பிடித்துவைத்திருந்து விட்டுவிட்டேன்.

வெளியூர்ப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

"ஆமா, தனியாத்தான்."

இருட்டுமுன் வீடு திரும்பி, பீன்ஸ் வேகவைக்க எடுத்தேன். பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பார்க்காமலே அள்ளிப் போடுகிற கை, ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் பானைக்கு மேலே நின்றது. போன வருடமெல்லாம் இரண்டு ஆளுக்குத்தான் வைத்து, மீந்ததைக் கொட்டியிருக்கிறேன்.

ஒரு பிடி குறைத்துப் போட்டேன்.