போ என்று மட்டும் சொன்ன காலை

அம்மா,

இன்று காலை தெருச் சாக்கடையில் பினாயில் ஊற்றிப் போனார்கள். அந்த வாடை கூடத்துக்குள் வந்த நேரம் பார்த்து, என் கடைசி மகள் பையை மாட்டிக்கொண்டு "போறேம்மா" என்று படி இறங்கினாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுதேவிட்டது.

நீயும் அப்படித்தான். "போறேன்னு சொல்லாதேடி" என்று சடையைப் பிடித்து நிறுத்துவாய். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பிள்ளைகள் கிளம்பும்போது "பர்த்தீனி", வருகிறேன், என்று மட்டுமே சொல்வார்கள். "அதுங்களைப் பார்த்துக் கத்துக்கோ" என்பாய். நான் "போயிட்டு வரேன்" என்ற பிறகுதான் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு, "போயிட்டு வா" என்பாய். தம்பிக்கும் அதே சட்டம்.

பிறகு பிளேக் வந்தது; தெருவெல்லாம் இதே பினாயில் வாடை. மைசூரில் பாதித் தெருக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளுக்குப் போய்விட்டன. ரயில் வேலையில் வெளியூரில் இருந்த அப்பா வரட்டும் என்று நாம் காத்திருந்தோம். ஒரு காலை நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. நெற்றியை நீட்டிக்கொண்டு நானே உள்ளே வந்தேன்.

"கிட்ட வராதே! அங்கேயே நில்லு."

"சிலுவை போடலையே?"

"பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைக் கூட்டிக்கிட்டு நேரா சித்தி வீட்டுக்குப் போ. நான் ஆள் அனுப்பற வரைக்கும் இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. போ."

மீதிச் சொல்லுக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ஒன்பது வயதிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "சரி, போறேன்" என்று வேண்டுமென்றே கத்திவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நான்காம் நாள் அப்பா சித்தி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அக்குளில் கட்டி கண்டதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் மட்டும் ஜன்னல் வழியாகச் சொன்னாயாம். நாங்கள் கிளம்பிய பிறகுதான் சொன்னாயாம்.

என் வாய்தான் உன்னைக் கொன்றது என்று எத்தனையோ வருஷம் நம்பியிருந்தேன். நானும் பிள்ளை பெற்ற பிறகே புரிந்தது. நீ 'வா' என்றிருந்தால் நாங்கள் வந்திருப்போம். அந்த ஒரு எழுத்தை விழுங்க நீ என்ன பாடு பட்டாயோ! தம்பிக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

மகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். "போயிட்டு வரேம்மா" என்று அவள் சொன்ன பிறகும், தெருமுனை திரும்பும் வரை படியிலேயே நின்று பார்த்தேன்.

அம்மா, அன்றைக்குக் கோபத்தில் கத்தியதை மறந்துவிடு. வரேன்.