முன்வண்டியில் உன் தம்பி

லொசோவா நிலையம்,
ஆகஸ்ட் 1919.

அன்புள்ள மோத்ரியாவுக்கு,

ஒமெலியான் எழுதுவது. உடம்பெல்லாம் கரியோடு நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் குட்டி ஓலெனாவும் நலமா? உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தியிருக்கிறார்கள், அதற்குள் எழுதிவிடுகிறேன். நம் ஊர்ப்பக்கம் போகும் சமையல்காரர் கொண்டுவந்து தருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதுவும் நல்லதுதான்.

எங்கள் கவச ரயிலுக்கு மறுபடியும் பெயர் மாற்றிவிட்டார்கள். சண்டையில் ரயிலைப் பிடித்தவன் எல்லாம் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரை எழுதிக்கொள்கிறான். பழைய பெயர் சாயத்துக்கு அடியில் பல்லிளிக்கிறது. ஓட்டுநரை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. என்ஜினோடு சேர்த்து என்னையும் பிடித்துக்கொள்கிறார்கள். இரும்புத் தகட்டுக்குள் வெயிலும் நெருப்பும் சேர்ந்து ஆளை வேகவைக்கின்றன. எனக்குச் சலித்துவிட்டது மோத்ரியா. யாராவது ஜெயித்துத் தொலையட்டும், நான் உன் கையால் பீட்ரூட் சூப் குடித்துவிட்டு இரண்டு நாள் தூங்க வேண்டும்.

திமீஷைக் காலாட்படைக்கு இழுத்துப் போய்விடுவார்கள், உன்னோடு வைத்துக்கொள், இரும்புக்குள் இருந்தால் எனக்குப் பயமில்லை என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொண்டேன். ஆனால் உன் தம்பி இரும்புக்குள் இல்லை. இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

ரயிலின் நடுவில் என் என்ஜின், முன்னும் பின்னும் பீரங்கிப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் தகடே இல்லாத ஒரு மொட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். மாற்றுத் தண்டவாளங்களையும் சிலீப்பர் கட்டைகளையும் அதில்தான் ஏற்றியிருக்கிறோம். கண்ணிவெடி இருந்தால் முதலில் அதன் கீழ்தான் வெடிக்கும். பாதையைப் பார்க்க அதில் ஓர் ஆள் வேண்டும். தண்டவாள வேலை தெரிந்தவன் என்று திமீஷ் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டான். உள்ளே வாடா என்று கூப்பிட்டால், "நீ வெந்து அவிஞ்சது போதும் மச்சான். எனக்கு இங்க காத்து வருது, சூரியகாந்தி விதை இருக்கு, வேற என்ன வேணும்?" என்று சிரிக்கிறான்.

என் இடத்திலிருந்து அவன் தெரியமாட்டான். அவன் கையிலிருந்து ஒரு கம்பி வந்து என் தலைக்கு மேல் மணியில் முடிகிறது. ஒரு முறை இழுத்தால் நில், இரண்டு முறை இழுத்தால் போ. இவன் சும்மாவே மூன்று முறை இழுக்கிறான். ஏன்டா என்றால், "உசுரோடதான் இருக்கேன்னு சொல்றேன், அக்காவுக்கு எழுதிடு" என்கிறான். நானும் திட்டிவிட்டு, அடுத்த மூன்று அடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

நாளை சமாரா ஆற்றுப் பாலம். முன்வண்டிக்கு வேறு ஆள் போடுங்கள் என்று தளபதி குவாஷாவிடம் கேட்டேன். அவர் பழைய கப்பல்காரர், கத்தவில்லை. "சரிப்பா, யாரைப் போடட்டும்? நீயே ஒரு பேரச் சொல்லு" என்றார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

பாலத்துக்கு அப்பால் மேட்டில் எதிரியின் பீரங்கிகள் இருக்கின்றன. முழு வேகத்தில் ஓடினால் அவர்களால் குறி வைக்க முடியாது, அதனால் வேகமாகப் போ என்பது கட்டளை. அந்த வேகத்தில் எதைப் பார்த்துத் திமீஷ் மணி இழுப்பான்? நடை வேகத்தில் போனால் அவன் இறங்கி முன்னால் நடந்து, பாதையைப் பார்த்துப் போகலாம். குண்டுகள் எங்கள் மேல்தான் விழும். மெதுவாகவே ஓட்டிவிட்டு, இங்குள்ள தண்ணீர் மோசம், நீராவி ஏறவில்லை என்று சொல்லப்போகிறேன். பெட்டிகளில் இருப்பவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆனாலும் எங்களைச் சுற்றி இரும்பு இருக்கிறது. அவனுக்கு நீ தைத்துக் கொடுத்த சட்டைதான்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். ஓலெனாவுக்கு என் முத்தங்கள். திமீஷ் தனியாக வந்து நின்றால், வாசலில் வைத்து எதுவும் கேட்காதே, திட்டாதே. சூப்பை ஊற்றிக் கொடு, தூங்கவிடு. அன்றைக்கு நீராவி ஏறவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உன்,
ஒமெலியான்