மூன்றாம் ஓலைக்கு முன்

பாளையங்கோட்டை,
1911 பிப்ரவரி 13.

அன்புள்ள மகன் பாக்கியசீலனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், கொழும்பில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உன் தங்கை இன்பமணியைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

நேற்றுக் கோவிலில் சபை ஐயர் அவள் கலியாண ஓலையை, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு, இரண்டாம் முறை வாசித்தார். ஆராதனை முடிந்து மாப்பிள்ளையின் தாயார் யூனிஸ் அம்மாள் அவள் கையைப் பிடித்தபோது ரவிக்கைக் கை விலகி, முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தடிப்புத் தெரிந்துவிட்டது. குட்டத்த மறச்சா எம்மவன் தலையில கட்டப் பாத்திய என்று வாசலிலேயே சத்தம் போட்டாள். டாக்டர் சீட்டு இல்லாவிட்டால் வரும் ஞாயிறு மூன்றாம் ஓலைக்குத் தடை சொல்வேன் என்று அவள் புருஷன் சாயங்காலம் ஐயரிடம் சொல்லிவிட்டார்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தார். விளிம்பு மேடாகி அரிப்பும் இருப்பதால் படர்தாமரை போலத்தான் தெரிகிறது, குஷ்டமானால் அந்த இடத்தில் உணர்ச்சி மங்கும் என்றார். ஆனால் அடுத்த வீட்டு இசக்கித்தாய் பேச்சைக் கேட்டு இவள் சேராங்கொட்டை எண்ணெயைத் தடவி, நடுவில் வெந்து கொப்பளித்திருப்பதால் அங்கே உணர்ச்சியைச் சோதிக்க முடியவில்லை. புண் ஆறாமல் கையெழுத்துப் போடமாட்டேன், படர்தாமரை ஒட்டுகிற நோய், வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டார். எங்களுக்கு இல்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ இடுப்பைச் சொறிந்ததும், வெக்கைதான் என்று சொன்னதும், உன் ஈரத் துவர்த்தை எடுத்து இவள் தலை துவட்டியதும் அம்மாவுக்கு நினைவு வந்தது.

கடிதம் கண்டதும் அங்குள்ள டாக்டரிடம் இடுப்பைக் காட்டு. படர்தாமரை என்றால், அது உன்னிடமிருந்துதான் இவளுக்கு ஒட்டியது என்று ஐயருக்குத் தந்தி கொடு. அண்ணன இதுல இழுக்காதீங்கப்பா, அங்கன கூட இருக்கவங்க ஒதுக்கி வச்சிருவாங்க என்கிறாள் இவள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் தடை சொன்னா நான் எந்திரிச்சுக் கையச் சபைக்கே காட்டுதேன், எல்லாரும் பாக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள். அப்படி ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் அவளைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

நீ துணிகளை வெந்நீரில் அவித்து வெயிலில் காயப்போடு, ஈர வேட்டியோடு இராதே, துவர்த்தை யாருக்கும் கொடாதே. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் மறுபடி படருமாம். சேராங்கொட்டையைத் தொடாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தந்தி சனிக்கிழமைக்குள் வரவேண்டும். ஞாயிறு காலை நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், அவள் எழுந்தால் பிடித்து உட்கார்த்த மாட்டேன்.

உன் அப்பா,
தேவசிகாமணி