பொட்டு வைத்த சிலிண்டர்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, அனல் மாதிரி. காலை ஒன்பது மணிக்கே ஜன்னல் கம்பி சுடுகிறது. வெட்டுத் துண்டுகள் அறை முழுக்கப் பறந்து, கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப் போயிற்று.

பிரதேச சபையில் இருந்து கடிதம். புதன்கிழமை தீப் பாதுகாப்புப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பாசிக்குடா ஹோட்டல் கட்டில் விரிப்பு ஓடர் தரும். ஓடர் வந்தால் என் தையல் கூடத்துப் பெண்கள் பதினொரு பேருக்கும் பொங்கல் வரை வேலை. வராவிட்டால் யாரை நிறுத்துவது? யோசிக்கவே பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியவை:
– படிக்கட்டில் கிடக்கும் துணிப் பொதிகளை எடுக்க. இருப்பதே ஒரு படிக்கட்டு. கீழே றபீக் காக்காவின் மெத்தைக் கடை, முழுக்க ஸ்பொஞ்ச். ஒரு பொறி போதும்.
– அயர்ன் மேசைப் பிளக் மாற்ற.
– சுவர்க் கொளுக்கியில் தொங்கும் சிலிண்டர் இரண்டையும் துடைக்க.
– தேங்காய், சவர்க்காரம், மகளுக்கு ஃபோன்.

இந்த வரிசைக் கடைகளில் தீயணைக்கும் சிலிண்டர் சொந்தமாக வைத்திருப்பது நான் மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

போன நவராத்திரிக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தபோது என் கூடத்துக் குமுதா சிலிண்டர்களையும் விடவில்லை. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். "அதுவும் ஆயுதந்தானேக்கா" என்றாள். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. இன்றைக்கு ஈரத்துணியோடு போனேன், முறைத்தாள். விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 6, புதன்

பாஸ்.

பரிசோதகர் வயது குறைந்தவர், கதை குறைவு, கவனிப்பு அதிகம். வயர், படிக்கட்டு, மெயின் சுவிட்ச் எல்லாம் பார்த்தார். அயர்ன் பிளக்கை மாற்றச் சொல்லி எழுதினார். பொட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"இதுக்கும் பூசையா? சரி, பொட்டு இருக்கட்டும். ஆனா இது ரெண்டும் கொளுக்கிய விட்டு இறங்கப்படாது. ஒரு நிமிசமும்."

பிறகு ஒருவரைப் பாவித்துக் காட்டச் சொன்னார். எல்லோரும் குமுதாவைத் தள்ளிவிட்டார்கள். அவள் சிலிண்டரை இறக்கி, அதன் பூட்டு ஊசியில் விரலை வைத்து, குழாயை நெருப்பின் அடிக்குப் பிடிக்க வேண்டும் என்று தானே சொன்னாள். "இவவுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்ல" என்றார்.

எப்போதும் உரிய இடத்தில் வைத்திருப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். போட்டேன். மத்தியானம் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.

ஓகஸ்ட் 7, வியாழன்

வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

றபீக் காக்கா படியேறி வந்து, செருப்பைக் கழற்றி வாசலிலேயே நின்றார். "தங்கச்சி, நாளைக்குப் பரிசோதனைக்கு என்ட கடைக்கு வாறாராம். அந்த ரெண்டையும் ஒரு மணித்தியாலத்துக்குத் தாங்களே. ஜும்ஆத் தொழுகைக்கு முந்தித் திருப்பித் தந்திருவன், இன்ஷா அல்லாஹ்."

இந்த வரிசையில் அப்படித்தான். செத்த வீட்டுக்கு உட்காரக் கதிரை போகிற மாதிரி, பரிசோதனைக்குச் சிலிண்டர் கடைகடையாகப் போகும். போன வருடம் பேக்கரிக்காரருக்கும் இது இரண்டும்தான். யாரும் இதைக் களவு என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

மகளைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு ஓடியது அவருடைய வான் வண்டி. அண்ணன் மாதிரி இருக்கிற மனுசனிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்ல? கொடுத்தேன். பெண்கள் போன பிறகு, பின்னேரம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

பரிசோதகர் வரவில்லை. திங்கள் வருவாராம். "அதுவரைக்கும் கிடக்கட்டுமே தங்கச்சி, ஏத்தி இறக்கி என்னத்துக்கு?"

வெறும் கொளுக்கியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கலண்டரைக் கழற்றி அதன் மேல் கொழுவினேன். குமுதா ஒரு மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்தாள்.

"சிலிண்டர் எங்கக்கா?"

"துடைக்கக் குடுத்திருக்கன். திங்கள் வந்திரும்."

"நான் துடைச்சிருப்பனே. பொட்ட அழிச்சிருவாங்கக்கா."

பேசாமல் தைக்கப் போனாள். ஆறு வருடமாக என்னோடு இருக்கிறாள், அவளுக்கு நான் சொன்ன முதல் பொய். பிளக் மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு தரம் எடுத்தேன், ஃபோன் ஓஃப்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கீழே பரிசோதனை முடிந்தது, காக்காவும் பாஸ். சிலிண்டர் வரவில்லை.

"பிறகு தாறன் தங்கச்சி, பொடியனும் இல்ல தூக்க."

நானே தூக்குகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஹோட்டல்காரர் லைனில் இருந்தார், துணி வந்து இறங்கியது, அப்படியே போய்விட்டது நாள். முதல் தொகுதி வெள்ளைத் துணி, கூரை தொடும் உயரம். காற்று அதே மாதிரி. அயர்ன் போடும்போதெல்லாம் என் கண் கலண்டர் தொங்கும் கொளுக்கியில்தான். பிரஷர் குளிசை விழுங்க மறக்கக்கூடாது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு நடந்தது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குமுதா அயர்னைத் துணி மேலேயே கவிழ்த்து விட்டு எழும்பியிருக்கிறாள், சுவிட்ச் போட்டபடி. நான் கீழே இறங்கினேன், இன்றைக்கு வாங்காமல் ஏறுவதில்லை என்று.

காக்கா தலையைச் சொறிந்தார். "பேக்கரிக்கு நாளைக்குப் பரிசோதனை எண்டு கேட்டாங்க. இண்டைக்குக் காலமதான் குடுத்தன்."

ஏச வாய் திறந்தேன். அப்போது கடை ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. பத்து நிமிடம் ஏசியிருப்பேன், மேலே கூச்சல். "அக்கோ! நெருப்பு!"

காக்கா வாசலில் கட்டியிருந்த மெத்தைகளை இழுத்து ரோட்டில் எறிந்தார். நான் பேக்கரிக்கு ஓடினேன். ஆறு கடை தள்ளி. ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறேன், படியால் பெண்கள் இருமி இருமி இறங்குகிறார்கள். எண்ணினேன். பத்து.

மேலே ஏறினால் குமுதா. மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள். எரிகிற துணிக்கட்டைக் கையாலேயே இழுத்துப் பின் ஜன்னலால் வெறும் மண்வளவுக்குள் எறிந்திருக்கிறாள். முன்பக்கம் எறிந்திருந்தால் மெத்தை. அதை யோசித்திருக்கிறாள், அந்த நேரத்திலும். மேசையில் மிஞ்சிய நெருப்பை நான் அணைத்தேன், அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அரை நிமிட வேலை.

அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும்.

ஓகஸ்ட் 13, புதன்

ஆஸ்பத்திரி. கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். தைக்கிற கை.

"என்ட பிழைதானேக்கா. அயர்ன விட்டுட்டன். துணி எவ்வளவு போச்சு?"

இல்லையடி, என் பிழை என்று சொல்லத்தான் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஆட்கள். நர்ஸ் வந்தாள். சொல்லவில்லை. வெட்கம் கெட்டவள் நான்.

திரும்பி வந்தால் கொளுக்கியில் இரண்டு சிலிண்டரும். காக்கா கொண்டுவந்து கொழுவியிருக்கிறார். பளபளவென்று. பொட்டு இல்லை.

"பெற்றோல் தொட்டுத் துடைச்சன். என்ட கடையில பொட்டு வச்ச சிலிண்டரக் கண்டா ஐயா பிடிச்சிருவாரே தங்கச்சி." கண் கலங்கி நின்றார். "நாளைக்கு விசாரிக்க வருவார். வாய் திறந்திராதங்க. நம்ம எல்லார்ட லைசன்சும் போயிரும்."

ஓகஸ்ட் 14, வியாழன்

பரிசோதகர் வந்தார். காக்கா படியில் நின்றார். குமுதா ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள், கட்டுப் போட்ட கையோடு. வராதே என்று சொல்லியிருந்தேன்.

"சிலிண்டர் இருந்திருக்கு. ஏன் முதல்லயே பாவிக்கல்ல?"

நான் வாய் திறக்க முன் குமுதா: "நான்தான் ஐயா. பயத்தில எப்படிப் பாவிக்கிறதெண்டு மறந்து போச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பரிசோதனையன்று அவளைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. எழும்பிப் போய்ச் சிலிண்டரைத் தடவினார்.

"இதில பொட்டு இருந்ததே."

குமுதா நிலத்தைப் பார்த்தாள். பொட்டு போனது அவளுக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அடுத்த பொய்யையும் அவள் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ஐயா, அது இஞ்ச இருக்கல்ல. நான் இரவல் குடுத்தனான். நீங்க கையெழுத்து வாங்கின அடுத்த நாளே."

எந்தக் கடைக்கு என்று கேட்டார். காக்கா தானாகவே ஒரு படி மேலே ஏறி வந்தார். "எனக்குத்தான் ஐயா. என்னட்ட இருந்து பேக்கரிக்குப் போச்சு."

எழுதினார். நிறைய எழுதினார்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

கூடம் பூட்டு. மறு பரிசோதனை வரைக்கும் திறக்கக்கூடாது. கீழே மெத்தைக் கடையும், அந்தப் பக்கம் பேக்கரியும். சாமான் வாங்கப் போனால் ரோட்டில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஹோட்டல்காரர் "பிறகு பார்ப்போம்". துணி கழுவினேன். காற்று இன்னும் விடவில்லை.

நாலு மணிக்குக் குமுதாவின் ஃபோன். நன்றாக ஏசினாள்.

"ஏனக்கா சொன்னீங்க? எரிஞ்ச கையோட நிண்டு பொய் சொன்னன், அதையும் வீணாக்கிட்டீங்க. பத்துப் பேரும் இப்ப வீட்டில."

"என்ட பிழைக்கு நீ என்னத்துக்குடி பொய் சொல்லணும்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நான் முதல்ல துணியில கை வைக்கல்லக்கா" என்றாள். "சிலிண்டர் எடுக்கக் கொளுக்கிக்குத்தான் ஓடினன். கலண்டரத் தூக்கிப் பாத்தன். திங்கள் வந்திரும் எண்டு நீங்கதானேக்கா சொன்னீங்க."