வாண்டுவின் தையல் ஆறியது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வாண்டுவும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். நீ எங்களிடம் விட்டுப்போன நாய்க்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு மயக்கம் முழுதாகத் தெளியாமல் துணிமூட்டை மாதிரி அப்பா கையில் வந்தான். பத்து நாளைக்கு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, தையலை நக்கவே விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார்கள், அதோடு கதவிலும் நாற்காலிக் காலிலும் முட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தான், சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முதல் நாள் வைத்த கொஞ்சம் சாப்பாட்டையும் தொடவில்லை. நாயே வேண்டாம் என்று உன்னிடம் முயலுக்கு மூன்றே கால் என நின்றாரே உன் அப்பா, அவர்தான் வெல்டிங் பட்டறையை இரண்டு நாள் பூட்டிவிட்டு, இவன் சோபாவில் தாவிவிடுவான் என்று தரையில் மெத்தையைப் போட்டு அவனோடேயே கிடந்தார். காலையும் மாலையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் வீங்கியிருக்கிறதா, கசிகிறதா என்று பார்ப்பார், மாத்திரையைக் கோழித்துண்டுக்குள் ஒளித்து ஊட்டுவார். மூன்றாம் நாள் தட்டை வழித்து நக்கிவிட்டு வாலை ஆட்டினான், அதற்கப்புறம்தான் அப்பாவும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

நேற்று மறுபடி காட்டப் போனோம். காயம் அழகாக ஆறிவிட்டது என்று டாக்டரம்மா புனலைக் கழற்றினார், வாண்டு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி அவர் கையை நக்கினான். வண்டியில் ஏறியதும் அப்பா சாவியைப் போடாமல் வாண்டுவின் தலையைத் தடவினார். பிறகு, "இத்தனூண்டு பய தாங்கிட்டான். என் குடலிறக்கத்துக்கும் தேதி கேட்டுடலாமா?" என்றார். நீயும் நானும் இரண்டு வருஷமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கெஞ்சியும், கத்திக்குப் பயந்து இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர். நான் ஏதாவது சொல்லப்போய் மனசு மாறிவிடுமோ என்று, "கேட்டுடலாம்" என்பதோடு வாயை மூடிக்கொண்டேன். நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார், நானும் வாண்டுவும் வண்டியிலேயே காத்திருந்தோம், போனவர் கையில் சீட்டோடு வந்தார். அடுத்த மாதம் எட்டாம் தேதி.

உனக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்வேன். நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, போன் பண்ணும்போது ஆபரேஷன் பேச்சை நீயாக எடுக்காதே, நாயைப் பற்றி மட்டும் விசாரி, மீதியை அவரே சொல்லுவார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா