வலக்கரை வளைவில் கசிவு

நவ. 11, திங்கள்

காலை ஆறு மணி. தூறல். நீர்மட்டம் 4.1 அடி.

நீண்ட ஆலோசனைக்கும் ஜெபத்துக்கும் பிறகு எடுத்த முடிவு, வருங்காலச் சந்ததி அறியும்பொருட்டு இங்கே பதிவாகிறது: இன்று முதல் நீர்மட்டப் பதிவேட்டில் பென்சில் இல்லை. பேனா. நீல மை.

பென்சிலின் வசதி பெரிது. காலை ஆறு மணிக்கே பகல் பன்னிரண்டு மணி மட்டத்தையும் மாலை மட்டத்தையும் எழுதிவிடலாம். ஆறு ஒத்துழைக்காவிட்டால் அழித்துத் திருத்தலாம். நான் திருத்தியதில்லை. ஆற்றின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பதினோரு ஆண்டாக லஸ்கர். மதகைத் திறந்து மூடவும், கரையைச் சுற்றிப் பார்க்கவும், தண்ணீரை அளந்து எழுதவும் அரசு வைத்திருக்கும் ஆள். எம்.ஏ. வரலாறு. கடைசி மூன்று ஆண்டு கரைப் பக்கம் போகவேயில்லை. மதகு நிழலில் படுத்திருந்தேன். பதிவேட்டில் மட்டும் வாரம் தவறாமல் நடந்திருக்கிறேன். ‘வலக்கரை பார்வையிடப்பட்டது. சேதமில்லை.’ வரலாறு படித்தவனுக்கு ஆவணம் தயாரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடியை விட்டு 97ஆம் நாள். முதல் 28 தஞ்சாவூர் மறுவாழ்வு இல்லத்தில். அங்கே வேறு வழியில்லை, அதனால் பெருமையும் இல்லை.

இன்று செய்ய வேண்டியவை: ஷட்டருக்குக் கிரீஸ். குடைக் கம்பி. எஸ்தருக்குப் போன் செய்யாதிருத்தல் (நிறைவேறியது).

எஸ்தர், என் மனைவி, கீழத்தெருவில் அம்மா வீட்டில். இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கோயில் வாசலில் அவள் விதித்த நிபந்தனை, அப்படியே: “ஆறு மாசம் குடிக்காம இருங்க. வேலையையும் விடாம இருங்க. அப்புறம் வர்றதப் பத்திப் பேசலாம்.” வர்றதா என்பதல்ல, பேசுவதா என்பது. படித்துப் படித்துப் பார்த்தாயிற்று. வேறு அர்த்தம் இல்லை.

நவ. 12, செவ்வாய்

4.4. மழை விட்டு விட்டு.

ஏழு மணிக்கு, எங்கள் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் வந்தார், வழக்கம்போல மொபெட்டில். குடித்ததே இல்லை. ஆனால் இருபது வருஷமாக மூக்குப்பொடியை விட முயல்கிறார், ஆகவே குடியை விடுகிற எங்களைப் புரிந்துகொள்கிறார். அவருடைய வைத்தியம் எளிது: ஒரு நாளைக்கு ஒரு பொய்யை விட வேண்டும். குடி பின்னாலேயே போய்விடும் என்கிறார்.

“நேத்து எந்தப் பொய்ய விட்டீங்க, சாமுவேல்?”

“பென்சிலை விட்டேன் ஐயா.”

“பென்சில் எப்படிப் பொய்யாவும்?”

விளக்கினேன். வெகுநேரம் மூக்கைத் தேய்த்தார்.

“அப்ப கரையப் பாத்தேன்னு வாராவாரம் எழுதுறீங்களே, அது?”

“அது முன்னேயே பேனாலதான் ஐயா.”

“நல்லதாப் போச்சு. இன்னிக்குப் போய்ப் பாத்துட்டு எழுதுங்க.”

போனேன். மூன்று வருஷக் காட்டாமணக்கு. அரிவாள் இல்லாமல் நகர முடியவில்லை. வளைவில், கரையின் வெளிப்பக்க அடியில், ஈரம். புல்லை விலக்கினால் ஒரு வளை. நண்டு தொடங்கி எலி விரித்தது போல. கையை விட்டேன். தோள் வரை போயிற்று. முடிவு தட்டவில்லை.

தண்ணீர் கசிகிறது. தெளிவாக. தெளிந்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது. முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்.

அங்கிருந்து கீழே பார்த்தால் கீழத்தெரு. நாற்பத்து மூன்று வீடு. கொடியில் எஸ்தரின் மாம்பழ நிறச் சேலை. ஆறு அந்தச் சேலையைவிட உயரத்தில் ஓடுகிறது. இதுநாள்வரை அந்தக் கோணத்திலிருந்து பார்த்ததில்லை.

பதிவேட்டில் அந்தக் கட்டம் காலி. பொய் எழுதவில்லை. உண்மையும் எழுதவில்லை. இதை உபதேசியார் எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

நவ. 13, புதன்

4.9. மேற்கே நல்ல மழையாம்.

இடக்கரை லஸ்கர் பக்கிரிசாமி வந்தார். பழைய கூட்டாளி; மதகு நிழலில் பாதி இடம் அவருடையது. வளையைக் காட்டினேன்.

“வளை இல்லாத கரை எங்கடா இருக்கு? நண்டெல்லாம் எங்க போவும், லாட்ஜ்லயா ரூம் போடும்?”

“மூணு வருஷத்து வளைண்ணே.”

“அதத்தான் சொல்றேன். மூணு வருஷமா நின்ன கரை, இப்ப நீ ஜெபம் பண்றேன்னு உடையப் போவுதா? எழுதிக் குடுத்தா மொதக் கேள்வி என்ன வரும் தெரியுமா? இத்தன நாளா நீ என்ன பண்ணுனன்னு வரும். வேலை போனா எஸ்தர் வருமா?”

இந்த வாரம் கேட்டதிலேயே நியாயமான பேச்சு. குடிக்காதபோது ப.சாமியின் வாதம் இத்தனை தெளிவாகக் கேட்கும் என்று மறுவாழ்வு இல்லத்தில் யாரும் எச்சரிக்கவில்லை.

போகும்போது பையை என் சைக்கிளில் மாட்டிவிட்டுப் போனார். மறதியாம். உள்ளே குவார்ட்டர், முக்கால் அளவு. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றை அவ்வளவு கவனமாக என்றைக்கும் பார்த்ததில்லை. வேதாகமச் சங்கீதம் ஏதாவது சொல்லலாம் என்று முயன்றேன். முதல் வரிக்கு மேல் வரவில்லை. முதல் வரியையே சொல்லிக்கொண்டு பாலம் தாண்டிப் போய்ப் பையைக் கொடுத்தேன்.

“குடிச்சியா?”

“இல்லண்ணே.”

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகுதான் நம்பினார்.

மாலை ஐந்து: கசிவில் லேசாகப் பால் கலந்த நிறம். வெளிச்சக் குறைவு என்று எழுதலாம். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது.

நவ. 14, வியாழன்

5.6. கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டீக்கடை டிவியில். நூறாவது நாள்.

கசிவு செம்மண் நிறம். விரல் தடிமனாக இருந்தது மணிக்கட்டுத் தடிமனில் வருகிறது. எவர்சில்வர் டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தேன். அடியில் ஒரு விரல் மண். டம்ளரோடு சைக்கிளில் செக்‌ஷன் ஆபீசுக்கு.

ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) இருபத்தாறு வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஊதுங்க.”

“சார்?”

“வாய ஊதுங்க சாமுவேல். தப்பா நெனைக்காதீங்க.”

ஊதினேன். பூண்டு ரசம். அவருக்கு இப்போது வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. பதிவேட்டைப் புரட்டினார்.

“போன மாசம் வரைக்கும் சேதமில்ல, சேதமில்லன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. திடீர்னு பழைய வளைங்கிறீங்க. ரெகார்டு இப்படி இருக்கையில அவசர வேலைன்னு நான் எப்படி மேல கேக்குறது? திங்கக்கிழமை வந்து பாக்குறேன்.”

“திங்கக்கிழமை வரைக்கும் நிக்காது சார். அந்த ரெகார்டு பொய்.”

“அத எழுதித் தருவீங்களா?”

மூன்று ஆண்டு பொய் எழுதியபோது என் கையெழுத்தை ஒருவரும் சந்தேகித்ததில்லை.

“யோசிச்சுக்குங்க. வாங்கிட்டேன்னா நான் ஆக்‌ஷன் எடுத்துத்தான் ஆவணும்.”

ஐந்து நிமிடம் கேட்டு வெளியே வாதாமரத்தடியில் நின்றேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. “ஆண்டவரே” என்று நாலைந்து முறை, அவ்வளவுதான். அவரிடம் ஒரு சிரமம்: ரிப்போர்ட் கொடுக்க முடியாது. கரையை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். மூன்று வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், வளையையும், மதகு நிழலில் என்னையும்.

உள்ளே போய் எழுதினேன். நான்கு வாக்கியம். கடைசி வாக்கியம்: ‘அந்நாட்களில் நான் மது அருந்தியிருந்தேன்.’ நீல மையிலேயே கையெழுத்திட்டேன்.

ஏ.இ. இரண்டு முறை படித்தார். “மணல் மூட்டைக்கு இன்னிக்கே எழுதிடுறேன்” என்றார். டம்ளரைத் திருப்பித் தரவில்லை. சாட்சியமாம்.

நவ. 15, வெள்ளி

6.3. காற்று.

என் கடிதத்தின் பேரில் இரண்டு கோப்புகள் மேலே போயின. ஒன்று மணல் மூட்டை, மற்றொன்று நான். காலை பத்துக்கு என்னுடையது திரும்பிவிட்டது: தற்காலிகப் பணிநீக்கம். மணல் மூட்டை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சாவியையும் பதிவேட்டையும் ப.சாமி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். கண்ணைப் பார்க்கவில்லை.

கசிவு தொடை அளவு. புற்று போல மண் குவிகிறது.

உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் கோயில் மணியை அடித்தார். காலை பதினொன்றுக்கு மணி அடித்தால் கீழத்தெருவில் இரண்டு காரணம்தான்.

“யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணத்துக்கு இப்படியா அடிப்பாங்க? யாரு போனது?”

சொன்னேன். கரை நிற்காது, எல்லாரும் மேட்டுக்கு, கோயிலுக்கு வாங்க என்று.

“லஸ்கரு மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருடியோவ்!” சிரிப்பு. “உபதேசியாரே, அவர ஊதச் சொல்லுங்க!” நல்ல சிரிப்பு. ஏ.இ.யைவிடச் சீக்கிரம் அங்கே வந்துசேர்ந்தார்கள்.

எஸ்தர் குழாயடியில் குடத்தோடு நின்றாள்.

“போன வருஷம் இதே மழையில கேட்டேன். கரையப் பாத்தேன், நல்லாருக்குன்னீங்க.”

“பாக்கல.”

“எத்தன நாளாப் பாக்கல?”

“மூணு வருஷமா.”

இதை ஏ.இ.யிடம் எழுதிக்கொடுத்தது எளிதாக இருந்தது. காகிதத்துக்கு முகம் இல்லை.

“நாங்க எல்லாம் இங்க படுத்துக் கெடந்தோம்” என்றாள்.

“ஆமா.”

“வேலை?”

“காலையில போச்சு.”

குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். வீட்டுக்குள் போனாள். முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஒரு கையில் ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பை, மறு கையில் அவள் அம்மா.

எதிர்வீட்டு ஆரோக்கியமேரி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: “பொய் சொல்ற ஆம்பள தன்னப் பத்தி நல்லதாதான்டி சொல்லுவான். இந்தாளு நடுத்தெருவுல நின்னு தன் மானத்தத் தானே வாங்கிக்கிறாரு. நெசந்தான். அந்தக் கோழியப் புடி.”

நூறு நாளாக எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதுவே முறையானது.

இரண்டு மணிக்குத் தெரு காலி. கடைசியாக ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிப்போனோம். வழி முழுக்க என்னைத் திட்டினார். குடித்த நாளில் யார் திட்டினாலும் பதில் சொல்வேன். இன்று அவர் திட்டியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நடந்தேன்.

கோயிலுக்குள் எஸ்தர் பெஞ்சில், பெண்கள் பக்கம். என்னைப் பார்க்கவில்லை. நானும் பேச முயலவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் அதில் ஒரு பொய் இருந்திருக்கும்.

நவ. 16, சனி

மழை விடவில்லை. கோயிலுக்குள் எழுதுகிறேன். 102ஆம் நாள்.

நேற்று பிற்பகல் மூன்று இருபதுக்கு வலக்கரை வளைவு உடைந்தது. அகலம் பதினெட்டு அடி. கீழத்தெருவில் பதினோரு வீடு விழுந்தது. எஸ்தரின் அம்மா வீடு மூன்றாவது. உள்ளே யாரும் இல்லை.